தையலுக்குப் பின் கசியும் இரத்தம்: ஃபேஸ்லிஃப்ட் அறுவையும் அதன் மருந்துகளும்

முகத்திலும் கழுத்திலும் தளர்ந்து தொங்கும் தோலைப் பிரித்தெடுத்து, மேலும் பின்னுமாக இழுத்து, மிகுந்த பகுதியை வெட்டி நீக்கிக் காதோரத்தில் தைத்துவிடும் அறுவைச் சிகிச்சை, மருத்துவர்களிடையேயும் பொதுப் பேச்சிலும் ஃபேஸ்லிஃப்ட் என்றே வழங்குகிறது. நோயைத் தீர்ப்பதற்காக அன்றித் தோற்றத்தை மாற்றுவதற்காக மட்டுமே, உடல்நலத்துடன் நடந்து வரும் ஒருவருக்குச் செய்யப்படும் அறுவை என்பதால் இதில் நேரும் எந்தச் சிக்கலும் பொறுத்துக்கொள்ளத்தக்கதாகக் கருதப்படுவதில்லை. அச்சிக்கல்களுள் மிக அதிகமாக நேர்வது இரத்தக்கட்டு, அதாவது தைத்து முடித்த தோலுக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் இரத்தம் கசிந்து திரளுதல். பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் 24 மணி நேரத்துக்குள், நோயாளி அறைக்குத் திரும்பிய பின், ஒரு பக்கக் கன்னத்தில் திடீரெனத் தோன்றும் வலியும் இறுக்கமும் வீக்கமுமாக இது வெளிப்படும். உடனே தையலைப் பிரித்து இரத்தத்தை வெளியேற்றாவிட்டால், அடியிலிருந்து அழுத்தப்படும் தோலின் நுண்குழாய்களில் ஓட்டம் தடைபட்டு, தோலே கருகி உதிர்ந்து நிலையான தழும்பை விட்டுச்செல்லக்கூடும். பெண்களில் நூற்றுக்கு ஓரிருவர் முதல் நால்வர் வரைக்கும், தாடி மயிர்க்கால்களால் கன்னத்தோலில் இரத்த ஓட்டம் மிகுந்த ஆண்களில் ஏறத்தாழ அதைப் போல் இருமடங்கினருக்கும் இது நேர்வதாக வெவ்வேறு காலத்து அறிக்கைகள் கூறிவந்துள்ளன. இந்தச் சிறு விழுக்காட்டைக் குறைப்பதற்கு அறுவை மருத்துவர்கள் ஒரு நூற்றாண்டாக மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றில், குறை அறுத்தவரின் கையில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை மெல்ல மெல்லத் தளர்ந்து, நோயாளியின் இரத்த அழுத்தத்தையும் இறுதியில் அவருடைய இரத்தத்தின் வேதியியலையும் நோக்கிப் பார்வை திரும்பியதைக் காணலாம்.

தொடக்க காலத்து ஃபேஸ்லிஃப்ட் அறுவையில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை என்பது முதலில் வியப்பளிக்கலாம். பெர்லினைச் சேர்ந்த ஆய்கன் ஹொலாண்டர் 1901-இல் போலந்து நாட்டு உயர்குடிப் பெண் ஒருவரின் காதுக்கு முன்னால் தோலைச் சிறிது அரிந்தெடுத்துத் தைத்ததாகவும், எரிக் லெக்சர் 1906-இல் ஒரு நடிகைக்கு அத்தகைய அறுவையைச் செய்ததாகவும் பல ஆண்டுகள் கழித்தே எழுதினர். யார் முந்தியவர் என்ற பூசல் அத்துறையின் வரலாற்று நூல்களில் தேவைக்கு மேற்பட்ட இடத்தைப் பிடித்திருக்கிறது. பாரிசில் சூசான் நோயெல் என்ற பெண் மருத்துவர், முதல் உலகப்போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த பட்டறிவோடு இக்கலையை வளர்த்து, அழகியல் அறுவையின் சமூகப் பங்கைப் பற்றி 1926-இல் ஒரு நூலையும் வெளியிட்டார். வேலை தேடும் நடுவயதுப் பெண்களுக்கு இளமைத் தோற்றம் பிழைப்புக்கான தேவை என்பது அவருடைய வாதம். இவர்கள் எல்லோரும் பெரும்பாலும் செய்தது, மயிர்க்கோட்டை ஒட்டியும் காதின் முன்னும் பின்னும் தோலைச் சிறு துண்டுகளாக அரிந்து விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பதே ஆகும். தோல் அடித்தளத்திலிருந்து பிரிக்கப்படாததால் இரத்தம் தேங்க இடமில்லை. நோயெலின் நோயாளிகள் அன்றே வீடு திரும்பினர். அவ்வாறு பெற்ற இளமை விரைவிலேயே கலைந்துவிட்டதும் இதே காரணத்தால்தான்.

பலன் நீடிக்க வேண்டுமானால் தோலைக் கன்னம் முழுவதிலும், பிறகு கழுத்திலும், அடியிலுள்ள கொழுப்புப் படலத்திலிருந்து பிரித்தெடுத்தாக வேண்டும் என்பது 1920-களில் தெளிவாயிற்று. அடுத்த அரை நூற்றாண்டில் அந்தப் பிரிப்பு அகன்றுகொண்டே சென்றது. சுவீடனைச் சேர்ந்த டோர்ட் ஸ்கூக் 1974-இல் தோலுக்கு அடியிலுள்ள தசைப்போர்வையையும் சேர்த்து இழுக்கும் முறையை விளக்க, 1976-இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற பிரெஞ்சு மருத்துவர் இருவர் அந்தப் போர்வையின் உடற்கூற்றை வரையறுத்தபோது, அறுவையின் ஆழமும் கூடியது. பிரிக்கப்படும் பரப்பு வளர வளர அறுபடும் நுண்குழாய்களும், தைத்த பின் தோலுக்கடியில் எஞ்சும் வெற்றிடமும் வளர்ந்தன. அறுவையின் தரம் உயர்ந்ததன் விலையாகவே இரத்தக்கட்டு வந்து சேர்ந்தது எனலாம்.

இவ்வளவு பரந்த பிரிப்பை இரத்தப் பெருக்கின்றிச் செய்ய இயன்றதற்கு ஒரு மருந்தே காரணம். நியூயார்க்கில் வாழ்ந்த ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தாகமினே, தம் உதவியாளர் கெய்சோ உயேனாகாவுடன் சேர்ந்து 1900-இல் அண்ணீரகச் சுரப்பியிலிருந்து படிக வடிவில் பிரித்தெடுத்து அடுத்த ஆண்டு உலகுக்கு அறிவித்த அட்ரினலின், நுண்தமனிகளைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் உடையது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹைன்ரிக் பிரௌன் 1903-இல் அதனை உறுப்பை மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்தோடு கலந்து செலுத்திக் காட்டினார். மரப்பு நீடித்தது, அறுபடும் இடமோ வெளிறிக் காய்ந்து கிடந்தது. பிற்காலத்தில், 1943-இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகெயினோடு அட்ரினலினைக் கலந்து முகத்தோலின் கீழ் நிரப்புவதே ஃபேஸ்லிஃப்டின் வழக்கமான முதற்படியாயிற்று. ஆனால் அட்ரினலினின் ஆட்சி சில மணி நேரமே நிலைப்பது. அது விலகும்போது சுருங்கிக் கிடந்த குழாய்கள் மீண்டும் விரிகின்றன, சில வேளை முன்னிருந்ததைவிட அதிகமாகவும் விரிகின்றன; மேசைமேல் இரத்தமே சிந்தாமல் காட்சியளித்த, அதனாலேயே சுட்டு அடைக்கப்படாமல் விடுபட்ட குழாய், நோயாளி கட்டிலில் கண்விழிக்கும் நேரத்தில் கசியத் தொடங்குகிறது. அறுவையை எளிதாக்கிய மருந்தே அறுவைக்குப் பிந்திய இரத்தக்கட்டுக்கும் ஓரளவு வழிகோலியது என்பதை மருத்துவர்கள் மிகத் தாமதமாகவே ஏற்றுக்கொண்டனர்.

அதற்குள் வேறு பல கருவிகள் வந்திருந்தன. இரத்தக்குழாயை மின்னோட்டத்தால் சுட்டு அடைக்கும் முறையை இயற்பியலாளர் வில்லியம் போவியின் கருவியைக் கொண்டு ஹார்வி குஷிங் 1926 அக்டோபரில் பாஸ்டனில் மூளை அறுவையில் பயன்படுத்திக் காட்டிய பின், அது எல்லா அறுவை அரங்குகளுக்கும் பரவியது. தலையையும் தாடையையும் சுற்றிப் போடப்படும் அழுத்தக் கட்டும், கசியும் இரத்தத்தை வெளியேற்றக் காதுக்குப் பின்னால் செருகப்படும் வடிகுழாயும் வழக்கமாயின. இவ்வளவும் செய்த பிறகும் இரத்தக்கட்டு நேர்ந்தால், ஏதோ ஒரு குழாயைச் சரியாகச் சுடாமல் விட்டுவிட்ட கவனக்குறைவே காரணம் என்று மூத்தவர்கள் இளையோருக்குச் சொல்லிவந்தனர். இந்த விளக்கத்துக்கு ஒரு முரண் இடையூறாக இருந்தது: மீண்டும் திறந்து பார்க்கும்போது, இரத்தம் பீச்சும் குழாய் எதுவும் கண்ணில் படாமல், பரந்த பரப்பெங்கும் பொதுவான கசிவு மட்டுமே காணப்படுவது அடிக்கடி நிகழ்ந்தது. கையை மட்டும் குறைசொல்லும் கோட்பாட்டால் இதனை விளக்க இயலவில்லை.

திருப்பம் 1970-களில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. நியூயார்க்கின் பெயர்பெற்ற அழகியல் அறுவை மருத்துவரும், கிழக்கு ஆப்பிரிக்காவின் பறக்கும் மருத்துவர் பணியை 1957-இல் தொடங்கிய மூவருள் ஒருவருமான தாமஸ் ரீஸ், மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்த இரத்தக்கட்டுகளைத் தம் கூட்டாளிகளுடன் தொகுத்து 1973-இல் வெளியிட்டார். தோல்விகளை மறைக்காமல் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அத்துறையில் இவ்வாறு வேரூன்றியது. 1976-இல் பெர்னர், மொரெய்ன், நோ ஆகியோர், அறுவைக்குப் பிந்திய சில மணி நேரத்தில் பல நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் வழக்கத்துக்கு மேல் உயர்வதையும், இரத்தக்கட்டு பெரும்பாலும் அந்த உயர்வைத் தொடர்ந்தே தோன்றுவதையும் சுட்டிக்காட்டி, அதனைத் தடுக்கக் குளோர்புரோமசின் என்ற மருந்தைப் பரிந்துரைத்தனர். அடுத்த ஆண்டில் ஸ்ட்ரெய்த் குழுவினர் தொடர்ச்சியாகச் செய்யப்பட்ட 500 அறுவைகளை ஆராய்ந்து, 150/100 என்ற அளவுக்கு மேல் அழுத்தம் ஏறியவர்களுக்கு இரத்தக்கட்டு நேரும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் என்று கண்டனர்.

குளோர்புரோமசின் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த வழி விந்தையானது. பிரான்சின் ரோன்-பூலாங்க் ஆய்வகத்தில் 1950-இல் உருவாக்கப்பட்டு, 1952 முதல் மனநோய் மருத்துவத்தையே மாற்றியமைத்த அம்மருந்தின் பிற விளைவுகளுள் மூன்று: அது இரத்தக்குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைத் தாழ்த்தும், குமட்டலை அடக்கும், நோயாளியை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கும். இம்மூன்றும் ஃபேஸ்லிஃப்ட் மருத்துவருக்கு வேண்டியவையாக அமைந்தன. ஏனெனில் வாந்தியும் இருமலும் வலியால் ஏற்படும் பதற்றமும்தான் முதல் இரவில் அழுத்தத்தை ஏற்றிவிடுபவை. பிற்காலத்தில் அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட குளோனிடினின் பிறப்பும் அத்தகைய தற்செயலே. ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் அதனை மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தாகவே உருவாக்கியது. சளிக்காக அதனைச் சோதனையாகப் பயன்படுத்திய அலுவலகச் செயலாளர் ஒருவர் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் உறங்கிப்போனதும், அவருடைய இரத்த அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்திருந்ததும் அதன் உண்மையான இயல்பைக் காட்டிக்கொடுத்தன. மூளையிலிருந்து புறப்படும் பரிவு நரம்புத் தூண்டலையே குறைத்துவிடுவதால், வலி, விழிப்பு, அச்சம் ஆகிய எதனாலும் அழுத்தம் திடீரென எகிறாமல் அது காத்தது. ஆண்களுக்குச் செய்யப்பட்ட 985 அறுவைகளை 30 ஆண்டுக் கால அளவில் திரும்பிப் பார்த்த டேனியல் பேக்கர் குழுவினர், அழுத்தக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்ததால் இரத்தக்கட்டின் அளவு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பதிலிருந்து நான்காகக் குறைந்ததாக 2005-இல் எழுதினர். கத்தியைத் தொடாமலே கிடைத்த குறைவு அது.

கொடுக்கும் மருந்தைப் போலவே நிறுத்தும் மருந்தும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் நகரில் தொண்டைச் சதை அறுவை செய்துவந்த லாரன்ஸ் கிரேவன் என்ற மருத்துவர், வலி தணிய ஆஸ்பிரின் கலந்த சுவிங்கம்மை மிகுதியாக மென்ற நோயாளிகளுக்கு இரத்தப்போக்கு அதிகரிப்பதை 1940-களில் கவனித்தார். அதிலிருந்து மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவும் என்ற எண்ணத்துக்கு அவர் சென்றது வேறொரு பெருங்கதை. இரத்தத்தட்டுகள் எனப்படும் நுண்ணணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் துளையை அடைப்பதை ஆஸ்பிரின் அவற்றின் ஆயுள் முழுவதற்கும், அதாவது 7 முதல் 10 நாள் வரைக்கும், தடுத்துவிடுகிறது என்பது பின்னர் விளங்கியதும், அறுவைக்கு ஓரிரு வாரம் முன்பே அதனை நிறுத்தச் சொல்வது நெறியாயிற்று. பூண்டு மாத்திரை, மீனெண்ணெய், வைட்டமின் ஈ முதலியனவும் தடைப்பட்டியலில் சேர்ந்துகொண்டன. இவற்றுள் சிலவற்றுக்குச் சான்று மிக மெலிது என்றாலும், மருத்துவர்கள் இந்த இடத்தில் அளவுக்கு மீறிய எச்சரிக்கையையே விரும்பினர்.

இரத்தத்தின் சொந்தப் பசையைப் பயன்படுத்தும் முயற்சியும் நடந்தது. இரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதமான ஃபைப்ரினைப் பசையாகத் தெளித்துத் தோலையும் அடித்தளத்தையும் ஒட்டிவிடும் முறை ஐரோப்பாவில் 1970-களில் வளர்ச்சி பெற்றது. அத்தகைய பசை ஒன்றுக்கு, ஃபேஸ்லிஃப்டில் பயன்படுத்துவதற்கென்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால் 910 நோயாளிகளை எட்டாண்டுக் காலம் கூர்ந்து ஆராய்ந்த இங்கிலாந்தின் ஜோன்ஸ், குரோவர் இருவரும் 2004-இல் எழுதிய கட்டுரை பலருடைய நம்பிக்கையைக் கலைத்தது: கட்டு, வடிகுழாய், பசை ஆகிய எதுவும் இரத்தக்கட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை, ஊசிக் கரைசலிலிருந்து அட்ரினலினை நீக்கியதே குறைத்தது. மேசைமேல் இரத்தம் சற்று அதிகமாகச் சிந்தினாலும், சிந்தும் குழாய்கள் அங்கேயே தென்பட்டுச் சுடப்படுவதால் பிற்பகலில் ஏமாற்றம் குறைகிறது என்பது அதன் தர்க்கம். தாகமினேயின் கண்டுபிடிப்பு வந்து நூறாண்டு ஆன பின் அதன்மேல் சுமத்தப்பட்ட மிகக் கூர்மையான குற்றச்சாட்டு இதுவே. எனினும் அட்ரினலினைக் கைவிட்டவர்கள் சிலரே.

இதுவரை கூறியவை எல்லாம் குழாயின் வாயையும் அதில் பாயும் அழுத்தத்தையும் பற்றியவை. உருவான உறைவு ஏன் கரைந்துபோகிறது என்ற கேள்வியை ஃபேஸ்லிஃப்ட் மருத்துவர்கள் எழுப்பவே இல்லை. உடலில் காயம்பட்ட இடத்தில் உறைவு உண்டாவதும், உண்டான உறைவைக் கரைத்து ஓட்டத்தை மீட்பதும் ஒருங்கே நடைபெறுகின்றன. பின்னதைச் செய்யும் நொதி பிளாஸ்மின். இரத்தத்தில் செயலற்ற முன்வடிவமாக மிதக்கும் பிளாஸ்மினோஜென், ஃபைப்ரின் நாரில் துருத்திக்கொண்டிருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொண்டு அங்கே பிளாஸ்மினாக மாறி, நாரைத் துண்டு துண்டாக அறுக்கிறது. திசு பெரும் பரப்பில் அறுபடும்போது இந்தக் கரைப்பு தூண்டப்பட்டு அளவு மீறிப்போகிறது. மீண்டும் திறந்த கன்னத்தில் குழாய் எதுவும் பீச்சாமல் பொதுக் கசிவு மட்டும் தென்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்தக் கேள்வி எழுந்த இடம் அழகியல் அறுவையிலிருந்து வெகு தொலைவில், போரில் நொறுங்கிய டோக்கியோவில் இருந்தது. 1918-இல் பிறந்து, பல் மருத்துவத்தில் தொடங்கிப் பின் மருத்துவத்துக்கு மாறி 1941-இல் பட்டம் பெற்ற உதாகோ ஒகாமோதோ, தம் கணவர் ஷோசுகே ஒகாமோதோவுடன் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கியபோது கருவியும் இல்லை, பணமும் இல்லை. ஆய்வுப்பொருள் போதாமற்போனால் தங்கள் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்பதால்தான் இரத்தத்தைத் தேர்ந்தெடுத்ததாக அவர் முதுமையில் நினைவுகூர்ந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகளை முதுகில் கட்டிக்கொண்டே ஆய்வகத்தில் வேலை செய்தார்; ஆண் அறிஞர்களின் கூட்டத்தில் முதன்முறை ஆய்வை வாசித்தபோது, நடனமாடிக் காட்டப்போகிறீர்களா என்ற ஏளனத்தையும் கேட்டார். அவர்கள் முன்னிருந்த இலக்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் பெருகும் இரத்தத்தால் தாய்மார்கள் இறப்பதைத் தடுக்கும் மருந்து.

பிளாஸ்மினோஜென் பற்றும் பிடி லைசின் என்றால், லைசினைப் போல் நடிக்கும் ஒரு மூலக்கூறு அந்தப் பிடியை முன்கூட்டியே நிரப்பிவிடலாம் என்பதே அவர்கள் பின்பற்றிய வழியின் சாரம். லைசினின் அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றிச் சோதித்து 1950-களில் எப்சிலான் அமினோகேப்ராயிக் அமிலத்தின் ஆற்றலைக் கண்டனர்; நைலான்-6 இழையின் அடிப்படை அலகும் இதே சேர்மம்தான். அது வேலை செய்தது. ஆனால் கிராம் கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்த பின், மூலக்கூறின் நடுவில் ஆறு கரி அணுக்கள் கொண்ட ஒரு வளையத்தைச் செருகியபோது ஆற்றல் பன்மடங்கு உயர்ந்தது. 1962-இல் கெய்யோ பல்கலைக்கழக மருத்துவ இதழில் வெளியான அந்தச் சேர்மத்தின் இரு வடிவங்களுள் ஒன்றுக்கே ஆற்றல் உண்டு என்பது ஜப்பானிலும் சுவீடனிலும் சில ஆண்டுகளுக்குள் தெளிவாக, அந்த வடிவம் டிரானெக்சாமிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இம்மருந்து உறைவை உண்டாக்குவதில்லை, உண்டான உறைவைக் கரையவிடாமல் காப்பதோடு நின்றுவிடுகிறது. பின்னாளைய அச்சங்கள் பலவும் இந்த வேறுபாட்டை மறந்ததால் எழுந்தவையே.

ஒகாமோதோ இணையரால் தாங்கள் விரும்பிய மகப்பேற்றுச் சோதனைக்கு மருத்துவர்களை இணங்கவைக்க இயலவில்லை. மருந்து வேறு திசைகளில் சென்றது: மாதவிடாய்ப் பெரும்போக்குக்கு மாத்திரையாக, குருதி உறையாமை நோய் உள்ளவர்களின் பல் பிடுங்கலுக்கு ஊசியாக. பின்னதற்காகவே அமெரிக்கா 1986-இல் அதற்கு முதல் ஒப்புதலை வழங்கியது. இதய அறுவையில் நெடுங்காலம் கோலோச்சிய அப்ரோடினின் என்ற விலையுயர்ந்த மருந்து, நோயாளிகளின் இறப்பைக் கூட்டுவதாகக் கனடாவில் நடந்த ஒப்பாய்வு காட்டியதை அடுத்து 2007-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதும், காப்புரிமை காலாவதியாகி மலிவாகக் கிடைத்த டிரானெக்சாமிக் அமிலம் அந்த இடத்தை நிரப்பியது. பிறகு லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் இயன் ராபர்ட்ஸ், ஹலீமா ஷகூர் குழுவினர் நடத்திய பேராய்வுகள் வந்தன. இந்தியா உட்பட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில், விபத்தில் அடிபட்ட 20,211 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் இறப்பு 16.0 விழுக்காட்டிலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, பேறுகால இரத்தப்போக்கால் நேரும் இறப்பை 1.9 விழுக்காட்டிலிருந்து 1.5 ஆக அது குறைப்பதைக் காட்டியது. அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில், 98-ஆம் வயதில், உதாகோ ஒகாமோதோ கோபே நகரில் காலமாகியிருந்தார்.

இத்தனைக்கும் பிறகே ஃபேஸ்லிஃப்ட் மருத்துவர்கள் இம்மருந்தின் பக்கம் திரும்பினர் என்பது சோம்பலைக் காட்டுவது போல் தோன்றினாலும், தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. விபத்தில் சிக்கியவருக்கு மருந்தால் காலிலோ நுரையீரலிலோ உறைவு தோன்றும் சிறு ஆபத்தை ஏற்கலாம். சுருக்கத்தை நீக்கிக்கொள்ள வந்தவர் அதனால் இறந்தால் எந்த விளக்கமும் எடுபடாது. மேலும் பேராய்வுகள் அளந்தவை இறப்பும் ஏற்றிய இரத்தப் பைகளின் எண்ணிக்கையுமாகும். கன்னத்தோலின் கீழ்த் தேங்கும் சில மில்லிலிட்டரைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. குழந்தைகளின் மண்டையோட்டு அறுவையிலும் தாடை எலும்பு அறுவையிலும் பயன் தெரிந்த பின், மென்திசு அறுவைக்கு வழிகாட்டியது நார்வேயில் க்யேர்ஸ்டி ஆவ்சன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு. மார்பகங்களின் அளவைக் குறைத்துக்கொள்ள வந்த 28 பெண்களுக்கு ஒரு பக்கக் காயத்தை மட்டும் மருந்துக் கரைசலால் நனைத்துவிட்டு, மறுபக்கத்தை உப்புக் கரைசலால் நனைத்து, இருபக்க வடிகுழாய்களிலும் சேர்ந்த இரத்தத்தை அளந்தபோது, மருந்து பட்ட பக்கத்தில் 39 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரே உடலில் ஒரு பக்கம் மற்றொன்றுக்கு ஒப்பளவாக நிற்கும் இந்த அமைப்பு முகத்துக்கு இயல்பாகவே பொருந்தியது. காயத்தில் மட்டும் இடப்படும் மருந்து உடலெங்கும் மிகக் குறைவாகவே கலக்கும் என்பது அச்சத்தையும் தணித்தது.

2016 முதல் ஃபேஸ்லிஃப்ட் பற்றிய கட்டுரைகள் வரத் தொடங்கி, 2020-க்குப் பின் பெருகின. சிலர் அறுவையின்போது ஒரு கிராமைச் சிரை வழியே செலுத்தினர். சிலர் கரைசலில் தோய்த்த துணியைத் தோலுக்கடியில் சில நிமிடம் வைத்து எடுத்தனர். இன்னும் சிலர் லிடோகெயினும் அட்ரினலினும் கலந்த ஊசிக் கரைசலிலேயே சேர்த்துவிட்டனர். மூன்றாவது முறையில், ஜப்பானியர்களின் உழைப்பில் அறுபதாண்டு இடைவெளியில் பிறந்த இரு மருந்துகள் ஒரே ஊசிக்குழலில் சந்திக்கின்றன. அட்ரினலின் விலகியபின் திறக்கும் குழாயில் உறைவைக் கரையாமல் வைத்திருப்பது டிரானெக்சாமிக் அமிலத்தின் வேலை. குழாய்களைச் சுட்டு அடைக்கச் செலவாகும் நேரமும், வடிகுழாயில் சேரும் இரத்தமும், பின்னாளில் தோன்றும் கன்றலும் வீக்கமும் குறைவதாகப் பெரும்பாலான அறிக்கைகள் கூறுகின்றன. அழகியல் மருத்துவத்துக்கு இம்மருந்து புதிதும் அன்று. கன்னத்தில் படரும் மங்குவுக்கு அது உதவுவதாக ஜப்பானில் 1979-இலேயே கண்டறியப்பட்டு, அங்கே அதற்கான மாத்திரையாகக் கடைகளிலும் விற்பனையாகிறது.

எல்லைகளும் தெரியவந்தன. குடல் இரத்தப்போக்கு உள்ள 12,009 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில் மருந்து பயன் தரவில்லை. சிரைகளில் உறைவும் வலிப்பும் சற்றுக் கூடின. இதய அறுவையில் மிகை அளவு வலிப்பைத் தூண்டியது. மரப்பு மருந்துக் குப்பி என்று தவறாக எண்ணி முதுகுத்தண்டில் செலுத்தப்பட்டு உயிர்கள் போனது உலகச் சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கையில் முடிந்தது. செறிவு மிகுந்த கரைசலில் நெடுநேரம் ஊறும் தோலணுக்கள் பாதிக்கப்படுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியதால், இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்துள்ள பிரித்த தோலில் எவ்வளவு செறிவு பாதுகாப்பானது என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஃபேஸ்லிஃப்டில் இதன் பயன்பாடு முறையான ஒப்புதல் பெற்றதாகவும் இல்லை. அந்தந்த மருத்துவரின் பொறுப்பிலேயே கொடுக்கப்படுகிறது.

தலையாய கேள்வியான இரத்தக்கட்டு, அதாவது நள்ளிரவில் தையலைப் பிரிக்க நேரும் நிலை, இம்மருந்தால் உண்மையில் குறைகிறதா என்பதற்கான விடை இன்னும் எண்களின் பற்றாக்குறையால் தடைபட்டு நிற்கிறது. நூற்றுக்கு மூவருக்கு நேரும் ஒன்று பாதியாகக் குறைவதை ஐயமற நிறுவ வேண்டுமானால், குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 பேர் தேவை. தனி மருத்துவமனை எதுவும் அத்தனை பேரைச் சில ஆண்டுகளில் திரட்ட முடியாது. விபத்துக்கும் பேறுகாலத்துக்கும் பொதுப் பணத்தால் பேராய்வு நடத்திய நிறுவனங்கள் முகச்சுருக்கத்துக்குச் செலவிடப்போவதில்லை; காப்புரிமை இல்லாத மருந்துக்காக எந்த உற்பத்தியாளரும் முன்வரக் காரணமில்லை. எனவே பல மருத்துவர்கள் இன்று குளோனிடினையும் டிரானெக்சாமிக் அமிலத்தையும் சேர்த்தே கொடுத்துவருகின்றனர். இரத்தக்கட்டு குறையும்போது அதில் எந்த மருந்துக்கு எவ்வளவு பங்கு என்பதை அவர்களுடைய கணக்கேடுகளிலிருந்து பிரித்தறிய வழியில்லை.